ஐந்து ஜூன் இரவுகளும் ஒரு செப்டம்பர் இரவும்: 'எல்விஸ் கண்ட்ரி' ஆல்பம் உருவான விதம்

1971 ஜனவரி 2 அன்று ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் எல்விஸ் பிரெஸ்லியின் புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. உலகமே அறிந்த அந்த முகம் அதன் அட்டையில் இல்லை. தலையில் தொப்பியுடன் ஒரு சின்னக் குழந்தை மட்டும் நம்மைப் பார்த்தது. டூப்பெலோ என்ற சிற்றூரில் தாய் தந்தையுடன் எடுத்துக்கொண்ட பழைய குடும்பப் படத்தில் இருந்த எல்விஸ்தான் அந்தக் குழந்தை. ஆல்பத்தின் பெயர் 'எல்விஸ் கண்ட்ரி'. 'எனக்கு வயது 10,000' என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பும் உண்டு. உள்ளே 12 பாடல்கள்.

எல்விஸின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஆல்பம் ஒரு புதிர். 1960-களின் நடுவிலிருந்து அவர் பெயரில் வந்த எல்.பி.க்களில் (நீண்ட இசைத்தட்டுகளில்) பெரும்பாலானவை துண்டு துக்காணிகளைச் சேர்த்துக் கட்டியவை. நல்ல பாட்டு இரண்டு, சுமாரானது நான்கு, மீதி நிரப்பு. இந்த ஒன்றில் மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மனநிலை ஓடுகிறது. இத்தனைக்கும் யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட ஆல்பம் அல்ல இது. ஒலிப்பதிவு தொடங்கியபோது கண்ட்ரி, அதாவது அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புற வேர்கொண்ட பாட்டு, அதில் ஓர் ஆல்பம் என்ற எண்ணமே எவரிடமும் இல்லை. அவரிடம் நீட்டப்பட்ட புதுப் பாடல்களைவிட, அவர் நினைவில் ஏற்கெனவே கிடந்த பாடல்கள் அன்று முன்னால் வந்துவிட்டன என்பதே இதற்கு நான் காணும் காரணம்.

வேர் எங்கே இருந்தது

எல்விஸ் ராக் அண்ட் ரோல் பாடகர், கண்ட்ரி அவருக்கு வெளியூர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை ஏறக்குறைய தலைகீழ். 1935-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பெலோவில் பிறந்தவர் அவர். 1945-இல், பத்து வயதில், ஊர்ப் பொருட்காட்சி மேடையில் முதன்முதலாகப் பாடியபோது எடுத்துக்கொண்டது 'ஓல்ட் ஷெப்'. செத்துப்போன நாயைப் பற்றி ரெட் ஃபோலி பாடிய கண்ணீர்க் கண்ட்ரிப் பாட்டு. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் கூடத்தில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் அவரை வைத்துப் பதிவு செய்த முதல் இசைத்தட்டின் ஒரு பக்கம் கறுப்பின மக்களின் ப்ளூஸ். மறுபக்கம் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி', ப்ளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் பாட்டு. மன்ரோ அதை வால்ட்ஸ் தாளத்தில், மூன்று மூன்றாக எண்ணிப் பாடியிருந்தார். எல்விஸ் அதை நான்கடித் தாளத்துக்கு மாற்றி ஓட விட்டார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு தானும் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்து, பாதி வழியில் இளைஞரின் தாளத்துக்குத் தாவினார். காசு வரும் வழியை மன்ரோ நன்றாகவே அறிந்தவர்.

1954 அக்டோபரில் எல்விஸ் நாஷ்வில்லில், கண்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் ஒரு முறை பாடினார். வரவேற்பு மிதமாகத்தான் இருந்தது. அந்த மாதமே ஷ்ரீவ்போர்ட் நகரின் லூயிசியானா ஹேரைடு வானொலி நிகழ்ச்சி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. 35,000 டாலர் கொடுத்து அவருடைய ஒப்பந்தத்தை சன் ரெக்கார்ட்ஸிடமிருந்து வாங்கியது. அப்போது அவர் பெரிய அளவில் வெற்றி பெற்றிருந்தது கண்ட்ரி பட்டியலில்தான். அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் அதற்கு முன் எடி ஆர்னால்டு என்ற கண்ட்ரி நட்சத்திரத்தின் மேலாளராக இருந்தவர். இந்த எடி ஆர்னால்டின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள்: புகழ், ராணுவம், ஹாலிவுட். 1960-களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டுத் தொகுப்பு. அந்தக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை.

பாட்டு எப்படி அவரிடம் வந்து சேர்ந்தது

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முதலில் பணம் போன வழியைப் பார்க்க வேண்டும். எல்விஸ் பாட்டு எழுதுபவர் அல்லர். மற்றவர் எழுதியதைத் தேர்ந்து பாடுபவர். அவருக்குப் பாடல்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பு ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற பாடல் பதிப்பு நிறுவனத்திடம் இருந்தது. எல்விஸின் பெயரிலேயே அந்த நிறுவனத்துடன் இணைந்த பதிப்பு அமைப்புகளும் இருந்தன. எல்விஸ் ஒரு பாட்டைப் பாட வேண்டுமானால் அதன் உரிமையில் ஒரு பங்கை எழுதியவர் விட்டுக்கொடுக்க வேண்டும். எழுதப்படாத சட்டம் இதுதான். 1956-இல் பசியோடிருந்த பாடலாசிரியர்கள் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள். 1960-களின் கடைசியில் நல்ல பாடலாசிரியர்களுக்கு அதற்கான தேவை இல்லை. தாங்களே பாடினார்கள், அல்லது பங்கு கேட்காத பாடகரிடம் போனார்கள். எனவே எல்விஸின் மேசைக்கு வந்த பாடல்களின் தரம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது.

1969 ஜனவரி, பிப்ரவரியில் இந்தப் பிணி வெளிப்படையாகவே வெடித்தது. மெம்பிஸின் அமெரிக்கன் சவுண்ட் கூடத்தில் சிப்ஸ் மோமன் தயாரிப்பில் எல்விஸ் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பதிவுகள் சிலவற்றைச் செய்தார். 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' அப்போது பிறந்ததுதான். அதன் பதிப்புரிமையில் பங்கு கேட்டபோது மோமன் மறுத்துவிட்டார். பாட்டு வெளிவந்து முதலிடம் பிடித்தது. ஆனால் எல்விஸ் அந்தக் கூடத்துக்குத் திரும்பவே இல்லை. இவ்வளவு நல்ல விளைச்சல் தந்த நிலத்தை ஒரு கணக்குச் சண்டைக்காகக் கைவிட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே 1970-இல் மறுபடி நாஷ்வில். 1957-இல் கட்டப்பட்ட ஆர்.சி.ஏ.வின் ஸ்டுடியோ பி. தயாரிப்பாளர் ஃபெல்டன் ஜார்விஸ், 1966 முதல் எல்விஸுடன் வேலை செய்தவர். மோமனைப் போல "இந்த டேக் சரியில்லை, திரும்பப் பாடு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆள் அல்லர். எல்விஸின் மனநிலையைக் கெடுக்காமல் காப்பதே தன் முதல் வேலை என்று நினைத்தவர். பல பதிவுகளில் இது பலவீனம். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் அதுவே பலமானது.

ஜூன் 4 முதல் 8 வரை

நிறுவனத்தின் தேவை எளிமையானது: இசைத்தட்டுகளை நிரப்பப் பாடல்கள் வேண்டும், நிறைய வேண்டும். ஐந்து இரவுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின. எல்விஸ் எப்போதும் இரவு ஆள். மாலையில் தொடங்கினால் விடியும் நேரம்வரை போகும்.

கூடத்தில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். முன்னணி கிட்டார் ஜேம்ஸ் பர்ட்டன். லூயிசியானாக்காரர், பதின்ம வயதிலேயே ஹேரைடு நிகழ்ச்சியின் இசைக்குழுவில் வாசித்தவர், பிறகு லாஸ் வேகாஸ் மேடையில் எல்விஸின் வலதுகை. இன்னொரு கிட்டார் சிப் யங். பேஸ் நார்பர்ட் புட்னம், டிரம்ஸ் ஜெர்ரி கேரிகன், பியானோ டேவிட் பிரிக்ஸ். கடைசி மூவரும் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்த ஃபேம் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தின் முதல் தாளக்குழுவாக ஆர்தர் அலெக்சாண்டர் போன்ற கறுப்பினப் பாடகர்களுக்கு வாசித்தவர்கள். ஆர்மோனிகாவும் ஆர்கனும் சார்லி மெக்காய். பாப் டிலன் நாஷ்வில்லில் செய்த பதிவுகளில் இருந்தவர். ஆக, கண்ட்ரியும் கறுப்பின மக்களின் சோல் இசையும் ஒரே கையில் பழகிய ஒரு குழு. இவர்களுக்கு எல்விஸ் 'இந்தப் பாட்டு தெரியுமா' என்று இரண்டு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், மூன்றாவது வரியில் எல்லோரும் உள்ளே இருப்பார்கள்.

முதல் இரவிலேயே அது நடந்தது. முறையாகப் பதிவு செய்ய வேண்டிய புதுப் பாடல்களுக்கு நடுவே எல்விஸ் பழையவற்றை எடுத்தார். 'தி ஃபூல்' 1956-இல் சான்ஃபோர்டு கிளார்க் பாடிப் புகழ்பெற்றது. ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்த நாட்களில் எல்விஸ் வீட்டு டேப்பில் பாடிப் பார்த்த பாட்டு அது. பதினொரு ஆண்டு கழித்து இப்போது முழுக் குழுவுடன் வந்தது. அடுத்து மன்ரோவும் லெஸ்டர் ஃபிளாட்டும் எழுதிய 'லிட்டில் கேபின் ஆன் த ஹில்'. இது விளையாட்டாகத் தொடங்கி விளையாட்டாகவே முடிகிற, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. அதே இரவில் 'ஐ வாஸ் பார்ன் அபௌட் டென் தௌசண்ட் இயர்ஸ் அகோ' என்ற பழைய ஜம்பப் பாட்டும் பதிவானது. பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பே பிறந்தேன், உலகில் நான் காணாதது எதுவுமில்லை என்று அளந்துகொண்டே போகும் நாட்டார் பாட்டு அது.

நான்காம் இரவான ஜூன் 7 அன்று அணை உடைந்தது. 'ஐ ரியலி டோன்ட் வான்ட் டு நோ', 'ஃபேடட் லவ்', 'டுமாரோ நெவர் கம்ஸ்', 'மேக் த வேர்ல்டு கோ அவே', 'ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே', 'ஐ வாஷ்டு மை ஹேண்ட்ஸ் இன் மடி வாட்டர்'. ஆல்பத்தின் பாதி ஒரே இரவில். மறுநாள் 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்'. இவற்றில் இரண்டு, முதலில் சொன்னதும் 'மேக் த வேர்ல்டு கோ அவே'யும், எடி ஆர்னால்டு பாடி உச்சம் தொட்டவை. 'டுமாரோ நெவர் கம்ஸ்' எர்னஸ்ட் டப்புடையது. 'ஃபேடட் லவ்' டெக்சஸின் பாப் வில்ஸுடையது. வானொலிப் பெட்டியருகே வளர்ந்த ஒரு தென்மாநிலப் பையனின் காதில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்தவை இவை. எந்தத் தாளையும் பார்க்காமல் பாட முடியும் என்பதால் அவர் கவனம் முழுவதும் குரலில் இருந்தது.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். எல்விஸ் பதிப்பு நிறுவனத்தை எதிர்த்துக் கலகம் செய்தார் என்று இதைப் படிக்கக் கூடாது. ஹில் அண்ட் ரேஞ்ச் 1940-களில் கண்ட்ரிப் பாடல்களின் மேல்தான் வளர்ந்தது. பழைய பாட்டு பாடினால் அவர்களுக்கு நட்டம் என்று சொல்ல முடியாது. இந்த முறை வணிகம் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவே.

காதால் கேட்டால்

'டுமாரோ நெவர் கம்ஸ்' இந்த ஆல்பத்தின் சிகரம் என்பேன். எர்னஸ்ட் டப் அதை 1940-களில் தன் சோம்பல் குரலில், தலை சாய்த்துப் பேசுவதுபோலப் பாடியிருந்தார். எல்விஸ் மெல்லத் தொடங்குகிறார். அடியில் டிரம் அணிவகுப்பு நடைபோல ஒலிக்கத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகிறது. கடைசியில் குரல் தன் எல்லையைத் தொட்டு நிற்கும்போது, பாட்டின் காதலன் ஏமாந்தவனா, ஏமாற மறுப்பவனா என்பது நமக்கே குழம்பிவிடுகிறது. பாடகர் ராய் ஆர்பிசன் செய்யும் வித்தை இது. எல்விஸ் அதைக் கடன் வாங்கி வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

'ஃபேடட் லவ்' வேறு வகை. பாப் வில்ஸின் கையில் அது வயலின் அழும் பாட்டு. கண்ட்ரிப் பாடகி பேட்ஸி கிளைன் 1963 பிப்ரவரியில், விமான விபத்தில் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பதிவு செய்த வடிவத்தைக் கேட்டு உருகாதவர் குறைவு. எல்விஸ் அந்தத் துயரத்தின் பக்கமே போகவில்லை. பர்ட்டனின் கிட்டார் உறும, பாட்டைக் கிட்டத்தட்ட ராக் ஆக்கிவிட்டார். எனக்கு முதலில் இது அவமரியாதையாகப் பட்டது. இப்போதும் பேட்ஸியின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் பதினாறு ஆண்டுகளுக்கு முன் மன்ரோவின் பாட்டுக்குச் செய்ததையே இங்கும் செய்கிறார் என்பது புரிகிறது.

வில்லி நெல்சன் எழுதிய 'ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே' ப்ளூஸ் ஆகிவிட்டது. பழைய காதலியை வழியில் சந்தித்து நலம் விசாரிக்கும் மரியாதையான வார்த்தைகள், அடியில் கத்தி. இதை இருபது வயதில் பாட முடியாது. முப்பத்தைந்தில் அந்தக் கத்தியின் கூர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சறுக்கல்களும் உண்டு. 'இட்ஸ் யுவர் பேபி, யூ ராக் இட்' வழக்கமான வழியில் வந்து சேர்ந்த புதுப் பாட்டு. கேட்டு முடித்தவுடன் மறந்துவிடும். 'மேக் த வேர்ல்டு கோ அவே' அளவுக்கு மேல் அலங்கரிக்கப்பட்டது. அடிப்படைக் குழுவுடன் எல்விஸ் நேரடியாகப் பாடிய பதிவுகள்மேல் பிறகு வயலின் கூட்டம், ஊதுகருவிகள், கோரஸ் எல்லாம் ஏற்றப்பட்டன. அன்றைய நாஷ்வில்லின் வழக்கம் அது. சில பாடல்களுக்கு அது பொருந்துகிறது. சிலவற்றில் நல்ல முகத்துக்குப் பூசிய பவுடர்.

செப்டம்பர் 22

ஜூன் பதிவுகளை வரிசைப்படுத்தியபோதுதான் கையில் ஒரு கண்ட்ரி ஆல்பம் ஏறக்குறைய தயாராக இருப்பது தெரிந்தது. இன்னும் ஓரிரு பாடல்கள் குறைந்தன. இடையில் எல்விஸ் ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் பாடினார், அதை எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனம் படம்பிடித்தது, செப்டம்பரில் ஒரு சுற்றுப்பயணம். அது முடிந்த கையோடு நாஷ்வில்லில் ஓர் இரவு. பர்ட்டன் இல்லை. மசில் ஷோல்ஸின் எடி ஹின்டன் கிட்டார் வாசித்தார்.

நான்கு பாடல்கள் பதிவாயின, இரண்டு இந்த ஆல்பத்துக்கு வந்தன. அந்த ஆண்டு பாடகி ஆன் மரே பாடிப் பிரபலமாகியிருந்த 'ஸ்னோபேர்டு' இனிமையானது, ஆனால் இரவல் சட்டை. அதைப் போய் முதல் பாட்டாக வைத்தது வானொலியை நினைத்துச் செய்த வேலை. மற்றது 'ஹோல் லாட்டா ஷேக்கிங் கோயிங் ஆன்', 1957-இல் சன் ரெக்கார்ட்ஸில் ஜெர்ரி லீ லூயிஸ் உலகைக் குலுக்கிய பாட்டு. கண்ட்ரி ஆல்பத்தில் ராக் அண்ட் ரோல் கீதம் எதற்கு? அந்த ஜெர்ரி லீயே 1968-இல் கண்ட்ரி பாடகராக மறுபிறவி எடுத்து அந்தப் பட்டியல்களில் ஏறிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் கேள்வி கொஞ்சம் மங்குகிறது. எல்விஸ் அதைப் பேய் பிடித்த வேகத்தில் பாடுகிறார். கேரிகனின் டிரம்ஸ் முடிவை நெருங்க நெருங்கக் கட்டறுந்து ஓடுகிறது. ஜூன் மாதத்து நிதானம் இதில் இல்லை, பொறுமை இழந்த ஒருவரின் ஆற்றல் இருக்கிறது. அமைதியான முதல் பக்கத்தின் நடுவில் அது விழும்போது, எனக்கு அந்தக் குலுக்கல் பிடிக்கிறது.

ஒட்டுவேலை

இந்த ஆல்பத்தைப் பற்றிய ஓயாத சண்டை ஒன்று உண்டு. முதல் இரவில் பதிவான அந்தப் பத்தாயிரம் ஆண்டுப் பாட்டைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒட்டினார்கள். ஒரு பாட்டு தேய்ந்து மறையும்போது இந்தத் துண்டு உள்ளே நுழைந்து சில நொடி பாடிவிட்டுப் போகும். பிறகு அடுத்த பாட்டு. கருத்துத் தொகுப்பு ஆல்பங்கள் மதிப்புப் பெற்றிருந்த காலம். அட்டைப்படக் குழந்தை, துணைத்தலைப்பு, இந்த இழை மூன்றும் சேர்ந்து 'இவை பழையவை, என் ரத்தத்தில் இருப்பவை' என்று சொல்ல வேண்டும் என்பது எண்ணம்.

எண்ணம் நல்லது. செயல் பாதியே நல்லது. முதல் மூன்று நான்கு முறை அந்தத் துண்டு வரும்போது புன்னகைக்கத் தோன்றுகிறது. எட்டாவது முறை கதவைத் தட்டும் விற்பனையாளரைப் போலாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, பாடல்களின் இயல்பான முடிவுகளை அது விழுங்கிவிட்டது. 'ஐ வாஷ்டு மை ஹேண்ட்ஸ் இன் மடி வாட்டர்' கூடத்தில் குழு விடாமல் வாசித்துக்கொண்டே போன ஆட்டம். தட்டில் அது சூடேறும் இடத்தில் மங்கிவிடுகிறது. ஆனாலும் இந்த இழையை முழுவதும் நீக்கிவிட்டால் ஆல்பம் ஆல்பமாக நிற்குமா என்றால், நிற்காது என்றே நினைக்கிறேன். வேறு எந்த எல்விஸ் எல்.பி.யிலும் யாரும் இவ்வளவு மெனக்கெடவில்லை.

விளைவு

அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொது ஆல்பம் பட்டியலில் 12-ஆம் இடம், கண்ட்ரிப் பட்டியலில் 6, பிரிட்டனிலும் 6. 'ஐ ரியலி டோன்ட் வான்ட் டு நோ' தனிப்பாட்டாக அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 21-ஐத் தொட்டது. அதன் மறுபக்கமான 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்' பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை போனது. தங்கத் தட்டுச் சான்றிதழ் 1977 டிசம்பரில்தான், எல்விஸ் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு கிடைத்தது. மோசமில்லாத வெற்றி. ஆனால் ஆர்.சி.ஏ.வுக்கோ பார்க்கருக்கோ 'இந்த வழியில் இன்னொன்று செய்வோம்' என்று தோன்ற வைக்கும் அளவுக்கு இல்லை.

ஜூனில் பதிவான மீதிப் பாடல்கள் எங்கே போயின என்பதைப் பார்த்தால் நிறுவனத்தின் மனம் விளங்கும். சில, 1970 நவம்பரில் வந்த 'தட்ஸ் த வே இட் இஸ்' ஆல்பத்துக்கு. எஞ்சியவை 1971 நடுவில் 'லவ் லெட்டர்ஸ் ஃப்ரம் எல்விஸ்' என்ற பெயரில், வண்டலை வடிகட்டிப் புட்டியில் அடைத்ததுபோல. வெட்டி ஒட்டிய பத்தாயிரம் ஆண்டுப் பாட்டின் நீளமான வடிவம் 1972-இல் 'எல்விஸ் நௌ' என்ற இன்னொரு கதம்பத்தில் சொருகப்பட்டது. ஒரே வாரத்தின் வேலை, நான்கு தட்டுகளில். அவற்றில் ஒன்றை மட்டும் ஒருவர் அக்கறையோடு தொடுத்தார்.

1970-களில் எல்விஸ் கண்ட்ரிப் பாடல்களைத் தொடர்ந்து பாடினார். நல்ல பாடல்கள் பல. ஆனால் மறுபடி ஒரு முழு ஆல்பத்தை ஒரே எண்ணத்தில் கட்டும் வாய்ப்பு கண்ட்ரியில் வாய்க்கவில்லை. அவருக்குப் பொருத்தமான ஒலிப்பதிவுக் கூட நாட்கள் குறைந்துகொண்டே போயின, மேடைகள் பெருகின.

2020-இல் 'ஃப்ரம் எல்விஸ் இன் நாஷ்வில்' என்ற தொகுப்பு வந்தது. ஒலிக்கலவையாளர் மேட் ராஸ்-ஸ்பேங் அந்த ஜூன், செப்டம்பர் பதிவுகளை, பிறகு ஏற்றிய வயலினும் கோரஸும் இல்லாமல் மறுகலவை செய்தார். 'மேக் த வேர்ல்டு கோ அவே' இதில் வேறு பாட்டாகக் கேட்கிறது: பிரிக்ஸின் பியானோ, மெதுவான டிரம்ஸ், அருகில் நின்று பாடும் குரல். 'மடி வாட்டர்' தன் முழு ஓட்டத்தையும் ஓடுகிறது. முதலில் 1971 தட்டைக் கேட்டுவிட்டுப் பிறகு இதைக் கேட்பது நல்லது. ஒன்று ஜார்விஸ் தொடுத்த மாலை, மற்றது ஸ்டுடியோ பி-யில் அன்று உண்மையில் ஒலித்தது. இரண்டாவது வடிவத்தில் 'லிட்டில் கேபின்' போன்ற பாடல்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. அவற்றின்மேல் ஏற்ற யாருக்கும் எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது, நல்லவேளையாக.